பத்தில் ஒரு நொடி

1991 பிப்ரவரி 25. தஹ்ரான் (ஈரானின் தெஹ்ரான் இல்லை, இது சவுதி அரேபியா). ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படை முகாமில் விழுந்து 28 வீரர்கள் இறந்துபோனார்கள். அதை மறிக்க வேண்டிய பேட்ரியாட் கிளம்பவே இல்லை.

பேட்ரியாட்டின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டே போகும். அதை நொடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்கணும். நமக்கு 0.1 சாதாரண எண். இரும எண்ணிலோ அது முடிவில்லாத பின்னம், மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று இழுத்துக்கொண்டே போவது மாதிரி. இருந்தது 24 பிட் இடம், மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை 0.000000095 நொடி. இதுல என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும். அந்தக் கருவி நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. அதாவது 36 லட்சம் எண்ணிக்கை, மொத்தப் பிழை 0.34 நொடி. ஸ்கட் நொடிக்கு 1,600 மீட்டருக்கு மேல் பாயும். ராடார் அதைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது கணக்கு இல்லை. 8 மணி நேரத்திலேயே விலகல் தெரியுதுன்னு இஸ்ரேல் தரப்பு பிப்ரவரி 11-லேயே சொல்லிவிட்டது. 16-ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயார். 21-ஆம் தேதி படைப்பிரிவுகளுக்கு ஒரு தகவல் போனது: மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் விலகல் வரலாம். எத்தனை மணி நேரம்னு அதில் இல்லை. அணைத்துப் போட்டாலே கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்திருக்கும்; அதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி.