பாலினமும் பாலியல்பும் (துணைப்பாடம்)

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதன்மைப் பாடத்துடன் சேர்த்துப் படிக்கக்கூடிய துணைப்பாடங்களுள் ஒன்று. பெரும்பாலும் ஐந்தாறு தாள்கள் கொண்டது. பெண்ணிய இயக்கத்தில் வேர்கொண்டது. 1970இல் சான் டியேகோவில் அந்நாட்டின் முதல் பெண்ணியல் பாடத்திட்டம் தொடங்கியது. 1989இல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி தன்பாலீர்ப்பாளர் ஆய்வுக்குத் தனித்துறை கண்டது. மறு ஆண்டே வெளிவந்த ஜூடித் பட்லரின் ‘ஜெண்டர் டிரபிள்’, பாலினம் பிறப்பிலேயே அமைந்துவிடுவதல்ல, திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாவது என்று வாதிட்டது. இன்றும் இத்துறையில் அந்நூலைத் தொடாமல் பல விவாதங்கள் நகர்வதில்லை.

வேறொரு துறையில் பயில்பவர் இதையும் படிக்கும்போதுதான் இதன் உண்மையான பயன் தெரியும். சோல்பிடெம் என்னும் தூக்க மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அது பெண்களின் உடலைவிட்டு மெதுவாகவே நீங்கும். மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிஞ்சியிருக்கக்கூடும். 1992இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறியது 2013இல்தான். யாருடைய உடல் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது என்ற கேள்வியை மருந்தியல் மாணவர் கேட்கப் பழகுவது இங்கேதான்.

அரசியல் எதிர்ப்பும் உண்டு. 2023இல் புளோரிடாவின் நியூ கல்லூரி அறங்காவலர் குழு, பாலினவியல் பாடத்திட்டத்தைக் கைவிடும் நடவடிக்கைக்கு வாக்களித்தது.