நெருப்பு காக்காத பசுமை

குளிர்நாட்டுத் தோட்டங்களில் பனையும் வாழையும் பிழைத்த வரலாற்றைக் கொதிகலனின் வரலாறாகச் சொல்வது வழக்கம். கண்ணாடி மலிந்தது, நிலக்கரியில் காய்ந்த வெந்நீர் குழாய்களில் ஓடியது, வெப்பநாட்டுச் செடிகள் ஐரோப்பாவில் தழைத்தன என்று அந்தக் கதை போகும். அதில் பாதிதான் உண்மை. ஈரத்தையும் காற்றையும் விலக்கி, குருத்தையும் கிழங்கையும் வேரையும் காத்த தோட்டக்காரர்களின் கைத்திறனுக்கே அந்தப் பெருமையில் பெரும்பங்கு சேர வேண்டும். நெருப்பை மட்டும் நம்பியவை நெருப்போடு போயின.

வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சுக் கூடமே முதல் சான்று. ழூல் ஆர்துவான்-மான்சார் 1684 முதல் 1686 வரை கட்டிய அதன் நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளும். தடித்த சுவர்கள், தெற்கு பார்த்த உயரமான சன்னல்கள். குளிர்கால வெயில் தாழ்வாக வந்து உள்ளே விழும், சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வெளியே உறைபனி பெய்தாலும் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆரஞ்சு, மாதுளை, அரளி, பனை எல்லாம் மரப்பெட்டிகளில் வளர்கின்றன; அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. அந்தக் குளிரில் ஆரஞ்சு வளராது, உறங்கும். வளர்க்கத்தான் வெப்பம் வேண்டும், உறங்கவிட உறைபனி தொடாத இடமே போதும் என்ற தெளிவுதான் இந்தக் கட்டடத்தின் மேதைமை என்பேன். உறங்கும் வேர் நீரை அதிகம் உறிஞ்சாது. அப்போது தொட்டியில் ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். குளிரால் செத்ததாகக் கணக்கெழுதப்படும் செடிகளில் பல இப்படி அழுகிச் சாகின்றவைதாம்.

இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷர் பிரபுவுக்காக ஜோசப் பாக்ஸ்டன் 1836-இல் தொடங்கிய பெருங்கண்ணாடிக் கூடம் இதற்கு நேர் எதிர். 8 கொதிகலன்கள் எரிந்து, குளிர்காலம் என்பதையே அங்கே இல்லாமல் ஆக்கின. முதல் உலகப் போரின்போது நிலக்கரித் தட்டுப்பாட்டில் நெருப்பு அணைந்தது, செடிகள் மடிந்தன. 1920-இல் கூடத்தையே தகர்த்துவிட்டார்கள். அதே தோட்டத்தில் பயின்றவர் ஜான் கிப்சன். பிரபுவுக்காக 1835-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, காசி மலைகளில் ஆர்க்கிட் திரட்டி வந்தவர். 1860-களில் லண்டன் பாட்டர்சி பூங்காவில் இலையின் உருவத்துக்காகவே ஒரு தோட்டம் அமைத்தார். நம் ஊர் வேலியோர ஆமணக்கும் வாய்க்கால் கரைச் சேம்பும் அங்கே கல்வாழையோடும் எத்தியோப்பிய வாழையோடும் கூட்டம் கூட்டும் காட்சிகளாயின. மேடுகட்டிய பாத்திகள் நீரை வடித்தன, சுற்றியிருந்த மரங்கள் காற்றைத் தடுத்தன.

அந்தச் செடிகளில் பலவும் குளிர்காலத்தைக் கண்ணாடிக்கு அடியில்தானே கழித்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தியோப்பிய வாழைக்குக் கண்ணாடி வீடு வேண்டித்தான் இருந்தது. ஆனால் கல்வாழைக்கு அது தேவையில்லை; இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி, உறைபனி தொடாத கொட்டகையில் வைத்தால் அடுத்த வசந்தத்தில் முளைத்துவிடும். 1871-இல் தோட்டக்கலை எழுத்தாளர் வில்லியம் ராபின்சன் இந்தப் பாணியைப் பற்றி ஒரு நூலே எழுதி, குளிர் தாங்கும் செடிகளைக் கொண்டே அந்த அழகைப் பெரும்பாலும் எட்டலாம் என்று வாதிட்டார். கண்ணாடியே எட்டாத இடத்தில் வேறு வழியும் இருந்தது. ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் சைக்கஸ் செடிகளுக்குக் குளிர்காலந்தோறும் வைக்கோல் பாய் சுற்றுகிறார்கள். நட்ட செடி நட்ட இடத்திலேயே நிற்கிறது.

லண்டனும் கியோட்டோவும் மிதமான குளிர் உள்ள ஊர்கள், மாஸ்கோவில் வைக்கோல் என்ன செய்யும் என்பது அடுத்த மறுப்பு. ஒன்றும் செய்யாதுதான்; மண் ஆழமாக உறையும் நாட்டில் இந்த முறை தோற்கும். தாங்கும் செடியாகப் பார்த்து நட்டுவிட்டுக் காப்பாற்றினோம் என்று பெருமை பேசலாமா என்ற மறுப்புதான் இதைவிடக் கூர்மையானது. ஆனால் எது தாங்கும் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று சூசான் பனை என்று அழைக்கப்படும் மரம் லண்டனின் கியூ தோட்டத்தில் முதலில் கண்ணாடிக் கூரைக்குள்தான் வாழ்ந்தது. பனை என்றாலே சூடு வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. சீனத்தின் சூசான் தீவில் அது பனிக்காலத்தைத் தாங்கி நிற்பதைக் கண்ட செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-இல் கன்றுகளை அனுப்பிவைத்தார். துணிந்து திறந்த வெளியில் நட்டார்கள். கொதிகலன் சூடேற்றிய கூடத்துக்குள்ளேயே வைத்திருந்தால் அதன் வலிமை தெரிய வந்திருக்காது.