பல்லைப் பிடுங்கிய சித்தாந்தம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் சீடையும் போகின்றன, கரும்பு போகிறது, நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிப்பதும் போகிறது. இத்தனையும் தெரிந்திருந்தும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பேர் வலிக்காத பற்களைக்கூட வரிசையாகப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கச் சொன்னவர்கள் சந்தை மூலையில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. பெயர் பெற்ற டாக்டர்கள். 'ரூட் கெனால்' என்கிற வேர் சிகிச்சையின் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அந்தப் பயத்துக்கு இந்தக் கதையிலும் ஒரு பங்கு உண்டு.

முதலில் பல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியே பார்த்தால் பல் ஒரு கல். உள்ளே அது கல் அல்ல. எனாமல் என்ற கெட்டி ஓட்டுக்கும் அதன் கீழுள்ள டென்டீனுக்கும் உள்ளே, பல்லின் இருதயம் போல, மெல்லிய சதை ஒன்று இருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் உண்டு, நரம்பும் உண்டு. பற்கூழ் என்று அதற்குப் பெயர். அது வேரின் நுனி வரையில் நூல் போன்ற கால்வாய்களில் இறங்குகிறது. சொத்தை ஓட்டைத் துளைத்துக்கொண்டு இந்தச் சதையைத் தொட்டுவிட்டால், அப்புறம் ராத்திரி தூக்கம் கிடையாது.

இந்த வலிக்கு மனிதன் வெகு காலமாகக் குற்றம் சாட்டி வந்தது ஒரு புழுவை. பழைய பாபிலோனியாவிலேயே பல் புழுவைப் பற்றி மந்திரம் இருந்தது. நாமும் இன்றுவரை 'பூச்சிப் பல்' என்றுதானே சொல்கிறோம்? கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று நம் கிராமங்களில் நம்பினார்கள். ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையை எரித்து இதே வைத்தியத்தைத்தான் செய்தார்கள். 1728-இல் பாரிஸ் நகரத்தில் பல் வைத்தியத்தைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்ட பியர் போஷார், பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் புழு எதையும் காணோம் என்று எழுதினார். புழு இல்லைதான்; ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்தன. அவற்றின் வேலையைப் பெர்லினில் இருந்த அமெரிக்கரான மில்லர் என்பவர் 1890-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அதற்கு முன்பே பல்லைக் காப்பாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. வாஷிங்டனில் இருந்த எட்வர்ட் மேனார்ட், கடிகாரத்தின் வில்லை அராவி, வேர்க் கால்வாய்க்குள் நுழையும் ஊசிகளைச் செய்தார். துப்பாக்கிக்கு ஒரு புது அமைப்பைக் கண்டுபிடித்ததும் இதே மனிதர்தான்! 1864-இல் பார்னம் என்பவர் எச்சில் படாமல் பல்லை மறைத்துக் கட்டும் ரப்பர்த் துணியைக் கொண்டுவந்தார். வெற்றிடமான கால்வாயை அடைக்க ஒரு பொருள் வேண்டுமே? அது மலேயாக் காடுகளிலிருந்து கிடைத்தது. கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த 'குட்டா பெர்ச்சா' என்ற மரப்பால் பிசின், 1867 வாக்கில் பல்லின் வேருக்குள்ளும் புகுந்தது. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும், அடுத்த மாதங்களிலேயே ஜெர்மனியில் வால்காப் என்ற பல் டாக்டர் தம் வாயையே படம் பிடித்துக்கொண்டார். அதற்கு 25 நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1905-இல் நோவகெய்ன் மருந்தும் வந்து வலியை அடக்கியது. எல்லாம் கூடி வந்த நேரம் அது. அப்போதுதான் விபரீதம் நேர்ந்தது.

1910-இல் லண்டன் டாக்டர் வில்லியம் ஹண்டர், கனடாவிலுள்ள மான்ட்ரீல் நகரத்துக்குப் போய், மெக்கில் சர்வகலாசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் அழுகிய வேர்களை அப்படியே விட்டுவிட்டு, மேலே தங்கத்தால் மூடி அழகு பார்த்தார்கள். சீழின் மேல் எழுப்பிய தங்கச் சமாதி என்று ஹண்டர் அதைச் சாடினார். சோகை, வயிற்றுக் கோளாறு முதலிய பல வியாதிகளுக்கு அதுவே காரணம் என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அசுத்தமான வேலை அசுத்தமான வேலைதான். ஆனால் கேட்டவர்கள் அதோடு நிற்கவில்லை.

1912 முதல் சிக்காகோவில் பிராங்க் பில்லிங்ஸ் இதை ஒரு சித்தாந்தமாகவே வளர்த்தார். உடம்பின் ஒரு மூலையில் கிருமிகள் பதுங்கியிருக்கும். அங்கிருந்து ரத்தத்தோடு போய் மூட்டையும் இருதயத்தையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். 'பதுங்கு கிருமிச் சித்தாந்தம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பதுங்குமிடம் எது? தொண்டைச் சதை, அதற்கு அடுத்தபடி பல். கிளீவ்லண்டில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் டாக்டர், வேர் சிகிச்சை செய்த பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். முயல்கள் நோயுற்றன. 1923-இல் இதை இரண்டு பெரிய புத்தகங்களாக வெளியிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வேர் சிகிச்சை செய்த பல் என்றாலே வெடிகுண்டு என்று ஆகிவிட்டது. மூட்டு வலி என்று போனவர் பொக்கை வாயோடு திரும்பினார். மூட்டு வலியும் கூடவே திரும்பி வந்தது.

இந்தச் சித்தாந்தத்தின் கோர முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நியூஜெர்ஸியின் டிரென்டன் நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1907-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹென்றி காட்டன் கொடியவர் அல்ல. நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்த இரக்கசாலி. ஆனால் சித்தப் பிரமைக்கும் பதுங்கிய கிருமியே காரணம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் பற்களைப் பிடுங்கினார். குணமாகாவிட்டால் தொண்டைச் சதையை எடுத்தார். அதிலும் குணமாகாவிட்டால் வயிற்றைத் திறந்து குடலை அறுத்தார். குடலை எடுத்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள் என்று அவரே கணக்குக் கொடுத்தார். மாட்டேன் என்று கதறியவர்களுக்கும் இதே வைத்தியம்தான். பைத்தியத்தின் பேச்சை யார் கேட்பார்கள்? 1920-களின் நடுவில் பில்லிஸ் கிரீனேக்கர் என்ற பெண் டாக்டர் அங்கே போய்க் கணக்குகளைப் பரிசோதித்தார். குணமானவர்கள் என்று காட்டன் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார். அவர் எழுதிய அறிக்கையை மேலிடத்தார் வெளியிடவில்லை. காட்டன் தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்கச் செய்தார்; தம்முடைய பற்கள் சிலவற்றையும் பிடுங்கிக்கொண்டார். போலி வைத்தியனிடமிருந்து தப்பித்துவிடலாம். தானே நம்புகிற வைத்தியரிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம்.

சித்தாந்தம் சாய்ந்தது எப்படி? கோஷத்தினால் அல்ல, பொறுமையான பரிசோதனையினால். 1936-இல் இங்கிலாந்தில் பிஷ், மக்லீன் என்ற இருவர் ஒரு சிறு விஷயத்தைக் கவனித்தார்கள். பல்லை ஆட்டிப் பிடுங்கும்போது ஈறு ஓரத்துக் கிருமிகளே வேரின் மேல் தொற்றிக்கொள்கின்றன. ஈறு ஓரத்தை முதலில் சுட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் பிடுங்கினால் வேரில் கிருமி வளரவில்லை. 1938-இல் ரஸல் ஸெஸில், ஆஞ்செவின் இருவரும் முடக்குவாதம் கொண்ட 200 நோயாளிகளை ஆராய்ந்து, பல்லைப் பிடுங்கியதால் பெரும்பாலோருக்குப் பயன் இல்லை என்று அறிவித்தார்கள். ஸெஸில் முன்பு அதே சித்தாந்தத்தை ஆதரித்தவர். கண்டதைக் கண்டபடி சொன்ன அவருக்கு ஒரு நமஸ்காரம். 1943-இல் அமெரிக்காவில் வேர் சிகிச்சை நிபுணர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். 1963-இல் அது பல் வைத்தியத்தின் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. 1965-இல் இன்னொரு பரிசோதனை. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்து வைத்தார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகியது. கிருமியற்ற எலிகளுக்கோ துளை தானாகவே மூடி ஆறியது. எதிரி பல் அல்ல, அதற்குள் புகுந்த கிருமிதான் என்பது தெளிவாயிற்று. கிருமியை வெளியேற்றிவிட்டால் வீட்டை இடிப்பானேன்?

வேர் சிகிச்சை செய்வதும் இவ்வளவுதான். பல்லை மரக்க வைத்து, ரப்பர்த் துணியால் மறைத்து, கெட்ட சதையை ஊசிகளால் எடுத்து, கிருமிநாசினியால் கால்வாயைக் கழுவி, அந்த மலேயாப் பிசினால் அடைக்கிறார்கள். கடைவாய்ப் பல்லாக இருந்தால் மேலே ஒரு மூடியும் போட வேண்டும். அதைப் பலர் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறார்கள். கடிக்கிற வேகத்தில் பல் பிளந்து, செய்த சிகிச்சையும் வீணாகிறது. சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடித்தால் நோவு இருப்பது சகஜம். வீக்கமோ ஜுரமோ வந்தால் அது சகஜம் அல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள். துடித்த பல் ஒருநாள் தானாக அடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம், கிருமி வேரின் அடியில் சாவதானமாக வேலை செய்துகொண்டிருக்கும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாலும் தீராது. செத்த பற்கூழுக்கு ரத்தம் போவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்?

பதுங்கு கிருமிக்காரர்கள் சொன்னதில் துளி உண்மையும் உண்டு. இருதய வால்வு பழுதுபட்டவர்கள் சிலருக்கு வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து ஆபத்து உண்டாக்கும். அப்படிப்பட்டவர்கள் அதை முன்கூட்டியே பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். துளி உண்மை இருந்ததால்தான் அந்தப் பெரிய தவறு அத்தனை வருஷம் உயிரோடு இருந்தது. பிரைஸின் முயல்களைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றிவிட முடியாது. வேர் பிளந்த பல்லையும், எலும்பு கரைந்து ஆடும் பல்லையும் எடுக்க வேண்டியும் வரலாம். ஆனால் நாற்காலியில் சாய்வதற்கு முன், "டாக்டர், இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்ல டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பதில் சொல்வார். டிரென்டனில் இருந்தவர்களும் வாய்விட்டுக் கேட்டார்கள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.