காவலை விட்டு வெளிவந்த படை: நானிங் போர், 1831–1832



முறைவைத்து ஆடும் போர்த்தந்திரக் கணினி விளையாட்டுகளில் நம் மாணவர் பலர் தேர்ந்தவர்கள். நகருக்குள் நிற்கும் காவற்படையை நேரே தாக்கினால் இழப்பு மிகும் என்பதையும், எளிய இரையொன்றைக் காட்டி அதனை வெட்டவெளிக்கு இழுத்தால் வெல்லலாம் என்பதையும் அவர்கள் அறிவார்கள். இவ்வுத்தி மிகப் பழையது. நாம் வாழும் மலாக்கா மண்ணிலும் அதற்குச் சான்று உண்டு.

தமிழர் மதிற்போரை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வகுத்தனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளேயே இருந்தான். நகரைக் கொடுத்துவிடு, இல்லையேல் வெளிவந்து போர்செய் என்று கோவூர்கிழார் அவனிடம் எடுத்துரைத்ததைப் புறநானூற்றில் காண்கிறோம். அடைத்த கதவைத் திறப்பிக்க மானவுணர்வே போதும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

வெளிவர மறுப்போரைப் பசியால் பணியவைப்பது மற்றொரு வழி. 1640இல் மலாக்காவை முற்றுகையிட்ட டச்சுக்காரர் அவ்வழியையே பின்பற்றினர். மாதக்கணக்கில் பசியாலும் நோயாலும் நலிந்த போர்த்துக்கீசியர் 1641 சனவரியில் கோட்டையை இழந்தனர்.

ஆங்கிலேயர் காலத்தில் நிகழ்ந்ததோ வேறு. 1807இல் அவர்கள் கோட்டை மதிலை இடித்துவிட்டனர். எஞ்சிய வாயிலை இன்றும் பார்க்கிறோம். எனினும் நகர்க் காவற்படைக்குக் கடல்வழித் துணை இருந்தது. நகருக்குள் இருக்கும்வரை அதனை அசைப்பது அரிது. அதனை வெளியே இழுத்தது ஒரு சிறு வரி.

நகருக்கு வடக்கே, இன்றைய அலோர் காஜா வட்டாரத்தில் நானிங் என்னும் சிற்றரசு இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் அது ஆண்டுக்கு 400 காந்தாங் நெல்லை மட்டுமே அடையாளத் திறையாகச் செலுத்தி வந்தது. கிழக்கிந்தியக் கும்பினி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டது. நானிங்கின் தலைவர் டோல் சையிட் மறுத்தார். மறுப்பைப் பொறுத்துக்கொண்டால் தன் மதிப்புக் குறையும் என்று கும்பினி எண்ணியது. அவ்வெண்ணமே இரையாயிற்று.

1831இல் சென்னைக் காலாட்படையின் 29ஆம் பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 150 சிப்பாய்கள் இரண்டு பீரங்கிகளுடன் காட்டுக்குள் சென்றனர். தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினராகப் பணியாற்றியது சென்னைப் படை. நானிங் மக்கள் வெட்டவெளியில் அணிவகுத்து நிற்கவில்லை. படை உள்ளே செல்லச் செல்ல, அதன் பின்னே பாதையின் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்தனர். ரெம்பாவு வீரரும் அவர்களுக்குத் துணைநின்றனர். உணவு வரும் வழி அடைபட்டது. ஆகஸ்டு மாதத்தில் படை பீரங்கிகளை விட்டுவிட்டு நகருக்குத் திரும்பியது.

தோல்வியிலிருந்து கும்பினி பாடம் கற்றது. முதலில் ரெம்பாவுடன் உடன்பாடு செய்து நானிங்கைத் தனிமைப்படுத்தியது. 1832இல் சென்னையிலிருந்து வந்த பெரும்படை, இருபுறமும் காட்டை அகலமாக வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டே நகர்ந்தது. சில மைல் தொலைவைக் கடக்க மாதங்கள் ஆயின. சூன் மாதத்தில் தாபோ வீழ்ந்தது. 1834இல் சரணடைந்த டோல் சையிட், ஓய்வூதியம் பெற்று மலாக்கா நகரிலேயே வாழ்ந்து 1849இல் மறைந்தார்.

வென்றவர் யார்? கும்பினி நிலத்தைப் பெற்றது. ஆனால் அந்தச் சிற்றூர்களின் வரியால் ஈடுசெய்ய இயலாத பெரும்பொருளைப் போரில் செலவழித்திருந்தது. டோல் சையிட் முதற்போரில் வென்றார். துணைவரை இழந்தபின் நாட்டையும் இழந்தார். வெளியே இழுப்பவனுக்கும், தனித்து நின்றால் வெற்றி நிலைக்காது.

விளையாட்டில் ஒரு படையை இழந்தால் அடுத்த முறையில் வேறொன்றைப் படைத்துக்கொள்கிறோம். நானிங் காட்டில் நடந்தவர்கள் அப்படி மீளப் படைக்கத்தக்கவர்கள் அல்லர். அங்கு இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலரின் பெயர்கள் மலாக்கா நகரில் செயின்ட் பால் குன்றின் அடியிலுள்ள பழைய கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் ஆணைப்படி நடந்த சென்னைச் சிப்பாய்களையும், நிலத்தைக் காக்க நின்ற நானிங் உழவரையும் நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மலாக்காத் தமிழர் வரலாற்றை வணிகரோடு தொடங்கி இரப்பர்த் தோட்டத்துக்குத் தாவிவிடுவது நம் வழக்கம். இடையே ஒரு காட்டுப்பாதையும் உண்டு. ஆசிரியர்கள் மாணவர்களை அலோர் காஜாவுக்கு அழைத்துச் செல்லும்போது, அந்தச் சாலையில் முன்பு யார் நடந்தார்கள், எதற்காக நடந்தார்கள் என்று கேட்கச் செய்யுங்கள். ஒரு படை எங்ஙனம் வெளியே இழுக்கப்பட்டது என்று கற்பதோடு, யாருடைய மானத்துக்காக யார் உயிர் கொடுத்தார் என்று கேட்பதும் வரலாற்றுக் கல்வியே.