உழவர் அமைப்புகளும் வேளாண் கொள்கை ஆய்வும்

விளைபொருள் விலை, பாசனம், கடன், மானியம் ஆகியவற்றில் அரசு எடுக்கும் முடிவுகளுக்கு ஆதாரமான கணக்கை உழவர் சங்கங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து தயாரிப்பதே இங்கே ‘கூட்டு’ என்பதன் பொருள். வயலில் நடப்பது உழவருக்குத் தெரியும். அதை அரசு தட்டிக்கழிக்க முடியாத எண்ணாக ஆக்குவது ஆய்வாளரின் வேலை. தமிழ்நாட்டில் நெல்லுக்கும் காவிரிக்கும் இந்தக் கூட்டு ஓரளவு வாய்த்தது. தாமிரபரணிச் சீமையின் கடற்கரையோரம், தேரி மணலில் பனையை நம்பி வாழும் உடன்குடி இன்னும் அதற்குக் காத்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் இத்தகைய கூட்டுக்கென்றே நிலையான அமைப்புகளை வைத்திருக்கின்றன. 1992இல் உருவான ‘சகாவ்’ பல நாடுகளின் உழவர் சங்கங்களைச் சேர்த்த கூட்டமைப்பு. 1997இல் தொடங்கிய ‘ஃபான்ர்பான்’ கொள்கை ஆய்வு வலையமைப்பு. உறுப்பு நாடுகளில் அரசு, ஆய்வாளர், உழவர், வணிகர் என நான்கு தரப்பையும் ஒன்றாக உட்காரவைப்பது அதன் வழக்கம். தமிழ்நாட்டிலோ இத்தகைய கூட்டு பெரும்பாலும் நெருக்கடியில் பிறந்து, நெருக்கடி தணிந்ததும் கலைந்துவிடுகிறது.

நெல்லைச் சீமையில் முதலில் வந்தது ஆய்வாளர் மட்டும்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916–17இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். அவற்றுள் ஒன்று திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான். 1918இல் அது நூலானது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இன்றும் மதிப்புக் குறையாத பதிவுகள் அவை. ஆனால் ஊர்க்காரர்கள் பதில் சொல்பவர்களாக மட்டுமே இருந்தார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து, ஆய்வாளர் இல்லாமல் உழவர் மட்டும் எழுந்த காலம். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. அவர் 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் காலமானார். விவசாயத்துக்கு இன்று கிடைக்கும் இலவச மின்சாரம் அந்தப் போராட்டங்களின் பலன். விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை என்ற கோரிக்கை மட்டும் அவ்வளவு எளிதில் நிறைவேறவில்லை. ‘கட்டுபடி’ என்றால் எவ்வளவு என்ற கேள்விக்கு முழக்கத்தால் விடை சொல்ல முடியாது; அதற்குக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடுவதற்காக மத்திய அரசு 1965இல் வேளாண் விலை ஆணையத்தை அமைத்தது. 1985இல் அது வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் ஆயிற்று. தமிழ்நாட்டில் அதற்கான சாகுபடிச் செலவு விவரங்களைத் திரட்டித் தருவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். விதை, உரம், கூலி என்று கையைவிட்டுப் போகும் பணம் ஒரு கணக்கு. அதோடு குடும்பத்தார் உழைப்பைச் சேர்த்தால் இன்னொன்று. சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்றாவது. 2004இல் அமைக்கப்பட்ட தேசிய விவசாயிகள் ஆணையம் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் உழவர் அமைப்புகளின் கருத்துகளையும் கேட்டு, 2006க்குள் ஐந்து அறிக்கைகளைத் தந்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2018இல் செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்த மத்திய அரசு, இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொண்டது. மூன்றாவது கணக்கு வேண்டும் என்பதே உழவர் சங்கங்களின் வாதம். ஆய்வாளர்களின் நுணுக்கமான பாகுபாடு ஒன்று சங்கக் கூட்டங்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. இந்தக் கூட்டு விட்டுச்சென்ற நல்ல தடங்களில் இதை முதலில் வைக்கலாம்.

தமிழ்நாடு கண்ட முழுமையான கூட்டு ‘காவிரிக் குடும்பம்’. 2002இல் பருவமழை பொய்த்து, காவிரியைப் பங்கிடும் இரு மாநிலங்களும் கொதித்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு, கர்நாடக உழவர்களை ஒரே அறையில் கூட்டியது. முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் எஸ். ஜனகராஜன். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்குடி எஸ். ரங்கநாதனும் கர்நாடகத்திலிருந்து கே. எஸ். புட்டண்ணையாவும் அதன் முக்கிய முகங்கள். டெல்டாக்காரர்கள் மாண்டியா வயல்களைப் பார்த்தார்கள்; மாண்டியாக்காரர்கள் இங்கே வந்து கடைமடையைப் பார்த்தார்கள். பற்றாக்குறை ஆண்டில் தண்ணீரை எப்படிப் பகிர்வது என்று ஆய்வாளர் தந்த புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு பேசினார்கள். பேச்சு பல ஆண்டுகள் நீண்டது. இரு தரப்பும் ஏற்கும் பங்கீட்டு முறை பிறக்கவில்லை. அரசுகளும் அந்த மேடையைத் தம் பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய நீரை 177.25 டிஎம்சி என்று தீர்த்தது. இரண்டு நாள் கழித்துப் புட்டண்ணையா காலமானார். வழக்கின் முடிவை மட்டும் வைத்துக் காவிரிக் குடும்பத்தைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. எதிராளியின் வயலிலும் பயிர் காய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் பேசும் பேச்சே வேறு.

தாமிரபரணிப் படுகையில் இந்தக் கூட்டு விதை ஆராய்ச்சியாகவே வேர்பிடித்தது. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் தந்த ஏ.எஸ்.டி. 16 என்ற குண்டு நெல்லை இப்பகுதி விவசாயிகள் இன்றும் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி பனை ஆராய்ச்சியும் செய்கிறது. ஆனால் ரகம் கண்டுபிடிப்பது ஒன்று, விலையும் தண்ணீரும் யாருக்கு எவ்வளவு என்று ஆராய்வது வேறொன்று. வெள்ள உபரி நீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் இழுத்த அதன் தாமதத்தால் ஊர்வாரியாக ஏற்பட்ட இழப்பைச் சங்கங்களும் பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்கிட்டிருக்க வேண்டும்.

இனி உடன்குடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனம் அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் பதநீரிலிருந்து சீனி எடுக்கும் ஆலை நடத்தியது. அதற்காகத் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை சிறு ரயிலும் ஓடியது. அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, கரும்புக்குப் போகும் நல்ல நிலத்தை உணவுப் பயிருக்கு விட்டுவிட்டு, வெல்லத்தைப் பனையிலிருந்து எடுக்கலாம் என்று வாதிட்டார். இன்று உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கி, 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாகவும் அறிவித்தது.

இத்தனைக்கும் நடுவில் விடுபட்டுப் போனது ஒரு கணக்கு. விடியும் முன்னே பனையேறி காலில் தளைநார் மாட்டி மரம் ஏறுகிறார். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குகிறார். சாயங்காலம் மறுபடி அதே மரங்கள். இறக்கிய பதநீரை விடிலி என்னும் கருப்பட்டிக் குடிலில் காய்ச்சுவது வீட்டுப் பெண்கள். ஓலையும் மட்டையும் எரித்து, புகையில் கண் கலங்க, பாகு பதம் வரும்வரை துடுப்பைக் கையைவிட்டு வைக்க முடியாது. பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டி எடுக்கிறார்கள். சந்தையிலோ சீனி கலந்த போலிக் கருப்பட்டி பாதி விலைக்குப் போட்டிக்கு நிற்கிறது. கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. கருப்பட்டி அந்தப் பட்டியலில் இல்லை. விடிலியில் நிற்கும் பெண்ணின் நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் கூலி எழுதப்படுவதில்லை. 2007இன் தேசிய விவசாயிகள் கொள்கை, பயிரிடுபவரோடு கூலித் தொழிலாளி, மீனவர், தேனீ வளர்ப்பவர், வேளாண் காடு வளர்ப்பவர் எல்லாரையும் ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் சேர்த்தது. அந்தப் பரந்த வரையறையில் பனையேறிக்கும் இடமுண்டு.

ஆகவே பனைத் தொழிலாளர் சங்கங்களும் கிள்ளிகுளம் கல்லூரியும் பதநீர்ப் பருவம் தொடங்கும் முன் ஒரு வேலையைச் செய்தால் போதும்: விடிலிக்கு ஒரு நோட்டு. ஏறிய மரம், இறக்கிய பதநீர், எரித்த விறகு, அடுப்படியில் நின்ற மணிநேரம், விற்ற விலை. ஒரு பருவம் முழுக்க அதை எழுதிவைத்து அரசின் முன் வையுங்கள்.