எரிந்த இடத்தில் எழுந்த தேவாலயம்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். எமது கல்லூரியின் வரலாற்றை எம்மிலும் மூத்த அக்காமார் எழுதுவார்கள், அவர்களே அதற்கு உரியவர்கள். ஆகையால் இலண்டனில் நாம் அடிக்கடி கடந்துபோகும் ஒரு சிறிய தேவாலயத்தின் கதையை இங்கே எழுதத் துணிந்தோம். கதை நடந்த இடம் தொலைவானது. ஆனால் அது எழுப்பும் கேள்வி, கூரையில்லாத மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற எம் வகுப்பினருக்குப் புதியதல்ல.

கிழக்கு இலண்டனில், பேர்டெற் வீதியின் ஒரு மூலையில், போ கொமன் புனித பவுல் தேவாலயம் இருக்கிறது. வைத்தியசாலைக் கடமை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பல மாதங்கள் பார்த்திருந்தும் தேவாலயம் என்று நாம் அறியவில்லை. வானளாவிய கோபுரம் இல்லை. கூர்வளைவு யன்னல்கள் இல்லை. ஊதாச் சாயல் கொண்ட கற்களால் கட்டிய வெறும் மதில்கள். அவற்றின்மேல், மடித்து வைத்த கடதாசி போன்ற கூரையுடன் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஏதோ பண்டகசாலை என்றே நினைத்திருந்தோம்.

இதே பெயரில் இங்கு முதலில் எழுந்த தேவாலயம் 1858 ஆம் ஆண்டுக்குரியது. இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த வில்லியம் கொற்றன் அதற்குப் பொருளுதவி செய்தார். கால்வாயும் எரிவாயுத் தொழிற்சாலையும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கிய ஏழைப் பகுதி அது. இரண்டாம் உலக யுத்தத்தில் கிழக்கு இலண்டன்மீது குண்டுகள் பொழிந்தபோது, 1941 இல் அந்தத் தேவாலயமும் எரிந்துபோனது.

பத்து ஆண்டுகளின் பின், 1951 இல், கிறெஷம் கேர்க்பி என்ற குருவானவர் பங்கைப் பொறுப்பேற்றார். சமதர்மக் கொள்கையில் ஊறியவர். 1994 வரை அங்கேயே பணிபுரிந்தார். எரிந்ததை அப்படியே திரும்பக் கட்டுவது அவருக்கு முன்னிருந்த ஒரு வழி. அவரோ இரண்டு இளைஞர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். றொபேட் மகுவயர் கட்டடக் கலைஞர். கீத் மறே வெள்ளி வேலையும் தேவாலய அலங்கார வேலையும் அறிந்த வடிவமைப்பாளர். வரைபடம் தயாரானபோது இருவருக்கும் முப்பது வயது நிரம்பியிருக்கவில்லை.

அவர்கள் எதை மாற்றினார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்திய வழக்கத்தை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தேவாலயம் பெரும்பாலும் நீண்ட மண்டபம். மக்கள் வரிசை வரிசையாக வாங்குகளில் இருப்பார்கள். பீடமோ தொலைவில், கிழக்குக் கோடியில் இருக்கும். பின் வாங்கில் இருப்பவருக்கு முன்னிருப்பவரின் முதுகுதான் தெரியும். கட்டட அழகைப் பேசுமுன் அங்கே கூடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என வாதாடிய ஒரு சிறு குழுவில் மகுவயரும் மறேயும் இருந்தார்கள். வழிபாடு எல்லோரும் சேர்ந்து செய்யும் செயல் என்றால், பீடம் எல்லோருக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை.

1960 ஏப்ரல் 30 ஆம் திகதி புதிய தேவாலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. கத்தோலிக்க திருச்சபையில் வழிபாட்டு மாற்றங்களுக்கு வழிவகுத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 இல்தான் கூடியது. அதற்கு முன்னரே ஓர் ஆங்கிலிக்கன் பங்கு இந்த வழியில் நடந்துவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, இலண்டனில் வாழும் பழைய மாணவிகள் நால்வர் சேர்ந்து உள்ளே போய்ப் பார்த்தோம். எண்கோண வடிவான தாழ்ந்த வாயிலைச் சுற்றி, யாக்கோபு கனவிலிருந்து விழித்தபோது சொன்ன வார்த்தைகள் பெரிய எழுத்துகளில் பதிக்கப்பட்டுள்ளன. எழுத்துகளை வடித்தவர் றால்ஃப் பேயர். கொவென்றிப் பேராலயத்தின் எழுத்துகளும் அவர் கைவண்ணமே. வாயிலைத் தாண்டி உள்ளே போனதும் ஒளி மேலிருந்து இறங்குகிறது. வெளியே நாம் பண்டகசாலைக் கூரை என்று நினைத்த அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் பீடத்துக்கு மேலே நிற்கும் ஒளிக்கூடு. அதன் கீழே கறுப்பு உருக்கினாலான பெரிய சட்டம் ஒன்று முடிபோலத் தொங்குகிறது. பீடத்தையும் மக்களையும் பிரிக்கும் கிராதி எதுவும் இல்லை. வாங்குகளும் நிலத்தில் பூட்டப்படவில்லை. தேவைக்கேற்ப நகர்த்தலாம்.

நடு மண்டபத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தூண்கள். தூண்களுக்கும் மதிலுக்கும் இடையில் சுற்றிவர ஒரு நடைவழி. “இது எங்கட கோயில் உள்வீதி மாதிரியல்லோ!” என்று எம்மில் ஒருவர் சொன்னார். அவர் சைவக் குடும்பத்தவர். உண்மையிலும் அது பவனி வருவதற்கென்றே அமைத்த வழி. நடுவில் நிற்பவரும் சுற்றி வருபவரும் ஒருவரையொருவர் காணலாம்.

எம்மை அதிகம் தொட்டது பொருள்களின் எளிமை. நிலத்தில் பதித்திருப்பவை வீதியோர நடைபாதைகளுக்குப் போடும் கொங்கிறீற் பலகைகள். ஞானஸ்நானத் தொட்டி, தொழிற்சாலைப் பாவனைக்கென்று செய்த பெரிய மட்பாண்டம். சுற்றுப்புறத்து மக்கள் தம் வேலைத்தலங்களில் நாளாந்தம் தொட்டுப் புழங்கும் வகைப் பொருள்களே அங்கே பீடத்தருகிலும் இருக்கின்றன. பளிங்கும் பொன்னும் இல்லாததை ஒரு குறையாக எம்மில் எவரும் உணரவில்லை.

அழகு பின்னர் வந்தது. தூண்களுக்கு மேலுள்ள சுவர்ப் பரப்பில் சாள்ஸ் லட்யென்ஸ் என்ற ஓவியர் 1963 முதல் 1968 வரை, முரானோக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து வானதூதர்களின் உருவங்களை அமைத்தார். தேவாலயம் திறந்த பிறகும் எட்டு ஆண்டுகள் அது நிறைவடைந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் திறப்புவிழா நாளுக்கு முன் முடித்துவிட அவசரப்படும் எமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

இன்று அது இரண்டாம் தர நட்சத்திரப் பிரிவில் பாதுகாக்கப்பட்ட கட்டடம். 1953 இன் பின் பிரித்தானியாவில் எழுந்த தேவாலயங்களுள் சிறந்ததைத் தெரிவதற்குத் தேசிய தேவாலயங்கள் நிதியம் நடத்திய போட்டியில், 2013 இல் முதலிடம் அதற்கே கிடைத்தது. உலகறிந்த பேராலயங்கள் பல இருக்க, ஏழைப் பங்கொன்றின் தேவாலயம் அந்தப் பெருமையைப் பெற்றது.

இனி எமது மண்டபத்துக்கு வருவோம். ஷெல் விழுந்து கூரை போனபின் அந்த மண்டபத்தில் வெயிலிலும் தூறலிலும் நின்று தேவாரமும் கீதமும் பாடியவர்கள் நாம். 1995 இடப்பெயர்வில் அதையும் விட்டுப் போனோம். பின்னர் போட்ட தகரக் கூரையின் கீழ்தான் எமக்குப் பின் வந்த தங்கைமார் பரீட்சை எழுதினார்கள். நூற்றாண்டை ஒட்டி அதை நிரந்தரமாகக் கட்டும் பேச்சு எழுந்திருக்கிறது. எமது வட்ஸ்அப் குழுவில் ஒரு சாரார் பழைய படத்தைப் பார்த்து ஓடு, தூண், விறாந்தை எல்லாம் அப்படியே வர வேண்டும் என்கிறார்கள். மறுசாரார் குளிரூட்டிய நவீன மண்டபம் கேட்கிறார்கள். வார்த்தைகள் சற்றுச் சூடாகவும் போய்விட்டன.

பழைய மண்டபத்தை நேசிப்பவர்களின் மனம் எமக்குத் தெரியும். நாமும் அவர்களில் சிலரே. இழந்ததை அதே வடிவில் காண வேண்டும் என்ற ஆசை, இழந்தவர்களுக்கே விளங்கும். ஆனால் போ கொமன் மக்களும் இழந்தவர்களே. அவர்கள் காத்துக்கொண்டவை பெயர், இடம், கூடும் பழக்கம் ஆகிய மூன்றும். வடிவத்தை அவர்கள் பிள்ளைகளின் காலத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஓர் உறுப்பைச் சீர்செய்யுமுன் அதன் தொழில் என்ன என்று கேட்பதே எமது வைத்தியத் தொழில் எமக்குக் கற்றுத்தந்த முறை. மண்டபத்துக்கும் அதையே கேட்போம். காலைக் கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை எங்கே நிற்பாள்? பின்வரிசையில் இருப்பவளுக்கு மேடை தெரியுமா? சக்கர நாற்காலியில் வரும் மாணவி மேடையேறிப் பரிசு வாங்க முடியுமா? வெயில் நேரத்தில் காற்று வருமா? இக்கேள்விகளை இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் முதலில் கேட்டுவிட்டு, ஓடா கொங்கிறீற்றா என்பதைப் பிறகு பேசலாம். பணம் குறைவென்றால் சுவர்களில் இடம் விட்டு வைப்போம். அலங்காரத்தை அடுத்த தலைமுறைப் பழைய மாணவிகள் செய்துகொள்வார்கள்.