அரக்கர் குலமும் கற்போர் தீர்ப்பும்

ஒரு நூலின் வரலாறு அதனை ஆக்கியோன் எழுதுகோலைக் கீழே வைத்த அளவில் முடிந்துவிடுவதன்று. கற்போர் அந்நூலைப் பற்றிக் கொண்ட கருத்துகளும், அக்கருத்துகள் பின்வந்த நூல்களை மாற்றிய வகையும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாம். ஒரு குலத்தார் அனைவரையும் தீயோராகக் காட்டும் கதைகளில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். கரிய நிறத்து மாயக் குலமொன்றைப் பற்றிய மேலைநாட்டுத் தொடர்நாவலைக் கற்றோர் எழுப்பிய வினாவும், இராமகதையைக் கற்ற நம் நாட்டார் எழுப்பிய வினாவும் ஒன்றேயாதலை ஈண்டு ஆராய்வாம்.

சேலத்துச் சொற்போர்

இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள மல்லசமுத்திரம் 1997-க்கு முன்னர்ச் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதனைச் சூழ்ந்த சமவெளி நாம் ஆராயும் வினாவின் இருபுறத்தையும் அறிந்ததாகும். அண்மையிலுள்ள திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவிய இராசாசி, பின்னாளில் இராமகதையைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' எனக் கல்கி இதழில் தொடராக எழுதினார். அந்நூல் 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. காவிரிக்கு அப்பால், ஈரோட்டுப் பகுதியிலுள்ள ஓலவலசில் 1906-இல் பிறந்த புலவர் குழந்தையோ இராவணனையே தலைவனாகக் கொண்டு காப்பியம் பாடினார்.

இவ்விரு நூல்களுக்கும் முன்னரே, 1943 மார்ச்சு 14-ஆம் நாள் சேலத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரித்தல் வேண்டும் என்ற கொள்கையை அறிஞர் அண்ணா எடுத்துரைக்க, நாவலர் சோமசுந்தர பாரதியார் மறுத்துரைத்தார். அதற்கு முந்திய திங்களில் சென்னைச் சட்டக் கல்லூரியில் இதே பொருள் குறித்து இரா. பி. சேதுப்பிள்ளை அண்ணாவை எதிர்த்து வாதிட்டிருந்தார். இரு சொற்போர்களும் பின்னர்த் 'தீ பரவட்டும்' என நூலாயின.

எரித்தல் என்னும் சொல்லின் வெம்மையை நீக்கி நோக்கின், அவற்றின் அடியில் கற்போன் ஒருவனது வினாவே எஞ்சி நிற்கும். 'அரக்கர் எனப்பட்டோர் எம் முன்னோராயின், அவர்களை இழித்துரைக்கும் நூலை யாம் எங்ஙனம் சுவைப்பது?' என்பதே அவ்வினா. கவிச்சுவை கருதி இதனைப் புறக்கணிப்பது எளிது. ஆயினும், பழிக்கப்பட்ட குலத்தில் தன்னைக் காணும் ஒருவனுக்கு அச்சுவை மட்டுமே விடையாகாது.

ஐயம் பழமையானதே

இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் புதிதாகத் தோன்றியதன்று. விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய சமண இராமகதையாகிய 'பௌமசரியம்' ஒரு கேட்போனது ஐயத்திலிருந்தே பிறக்கின்றது. இராவணன் ஊன் உண்டான் என்பதும், கும்பகருணன் ஆறு திங்கள் உறங்கினான் என்பதும் நம்பத்தக்கனவோ எனச் சிரேணிக மன்னன் வினவ, கௌதமர் கதையை வேறுவகையாகக் கூறுகின்றார். அந்நூலில் அரக்கர் என்போர் வித்தியாதரர் மரபினர். ஊனுண்ணும் பேய்க்கணத்தார் அல்லர்.

வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-இல் வெளியிட்ட 'மேகநாதவத காவியம்' இந்திரசித்தனைத் தலைவனாக்கியது. இளம்பருவத்துத் தாகூர் 1877-இல் அந்நூலைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார். பின்னர்த் தம் வாழ்க்கை நினைவுகளில் அக்கடுமைக்கு வருந்தினார். ஒரே நூலைப் பற்றி ஒரே கற்போன் கொண்ட இருவேறு கருத்துகள் இவை. தீர்ப்பு நூலினிடத்து மட்டுமன்றிக் கற்போனது பருவத்திலும் தங்கியுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

இராவண காவியம்

தமிழகத்தில் 1945-இல் அ. ச. ஞானசம்பந்தனின் 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்' வெளிவந்தது. கம்பனைத் துறவாமலே, கம்பன் காட்டிய இராவணனது பெருமையை அது எடுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டில் வெளிவந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' மற்றொரு வழியை மேற்கொண்டது. ஐந்து காண்டங்களும் 57 படலங்களும் 3100 பாடல்களும் கொண்ட அந்நூல், இராவணனைத் தமிழ் மன்னனாகவும் அவன் குடியைச் சான்றோர் குடியாகவும் பாடியது. சென்னை அரசு 1948-இல் அதனைத் தடைசெய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. இருபத்துமூன்றாண்டுக் காலம் கற்போர் கருத்துரைக்க வேண்டிய இடத்தில் அரசாணை நின்றது. ஆதலின் அந்நூலைக் கவிதையாக மட்டும் மதிப்பிடும் வாய்ப்பு மிகவும் காலந்தாழ்ந்தே கிட்டியது என்னலாம்.

மேலைநாட்டு இருட்குலம்

இனி மேலைநாட்டுத் தொடரை நோக்குவாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐசுலாந்தின் சுனோரி சுடுர்லுசன் தொகுத்த 'எட்டா' என்னும் உரைநூல், 'எல்ஃப்' எனப்படும் மாய இனத்தாரை ஞாயிற்றினும் ஒளிமிக்கோர், கீலினும் கரியோர் என இருவகைப்படுத்துகின்றது. இக்கருங்குலத்தின் பெயரை ஒட்டி, அமெரிக்கரான ஆர். ஏ. சால்வடோர் 1988 முதல் எழுதிவரும் நாவல் தொடரின் தலைவன் டிரிசிட் என்பான். நிலத்தடி நகரொன்றில், சிலந்தித் தெய்வத்தை வணங்கும் கொடிய குலத்தில் பிறந்து, அக்கொடுமை பொறாது வெளியேறி, மேலுலகில் நிறத்தாலும் குலத்தாலும் ஐயுறப்பட்டு வாழ்கின்றான் அவன். முதல் நூலில் துணைமாந்தனாக வந்தவன், கற்போர் கொண்ட விருப்பத்தால் தொடருக்கே தலைவனானான். 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் அவன் இளமையைக் கூறும் மூன்று நூல்கள் தனியே எழுந்தன.

இத்தொடரைப் பற்றிய கருத்துகள் இருதிறப்படும். பிறப்பை வென்ற ஒருவனது தனிமையும் அறமும் தம்மை ஈர்த்தன என்பர் ஒருசாரார். ஒருவனை நல்லவனாக்குதற்பொருட்டுக் கருநிறக் குலம் முழுவதையும் தீயதாக்கியது முறையோ என வினவுவர் மற்றொரு சாரார். இவ்வினா வீண்போகவில்லை. இக்குலம் உலவும் விளையாட்டு நூல்களை வெளியிடும் நிறுவனம், குலம் முழுவதையும் இயல்பிலேயே தீயதாகக் காட்டும் வழக்கத்தை மாற்றுவதாக 2020-இல் அறிவித்தது. 2021-இல் வெளிவந்த நாவலில் சால்வடோர், வடபுலப் பனிநிலத்தில் அறநெறி பிறழாது வாழும் கருங்குலத்தார் ஒருசாராரைப் படைத்துக் காட்டினார். சிரேணிகனது ஐயம் கதையை மாற்றியவாறே இங்கும் நிகழ்ந்தமை காண்க.

மூன்று நெறிகள்

மேற்கூறியவற்றை ஒப்புநோக்கின், பழிக்கப்பட்ட குலத்துக்குப் பெருமை தேடும் நெறிகள் இரண்டு புலப்படும். குலத்தைத் துறந்து அறத்தின்பாற் செல்லும் வீடணன் நெறி ஒன்று, டிரிசிட் இந்நெறியினனே. இதன்கண் அவன் உயர்வான். அவன் குலத்தின் மீதுள்ள பழி அவ்வாறே நிற்கும். குலம் முழுவதையும் மாசற்றதாகக் காட்டும் இராவண காவிய நெறி மற்றொன்று. இதன்கண் பழி துடைக்கப்படும். எனினும் அது பெரும்பாலும் எதிர்ப்புறத்தார்மேல் ஏறும். முன்னையதில் குலம் வீழ்கின்றது. பின்னையதில் தீமையின் இருப்பிடம் மாறுகின்றது.

கம்பன் கும்பகருணன் வாயிலாக மூன்றாம் நெறி ஒன்றையும் காட்டுகின்றான். தமையனது தவற்றைக் கும்பகருணன் அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கின்றான். வீடணன் வந்து அழைத்தபோதும் இராமன்பாற் செல்ல மறுக்கின்றான். தவறு தவறே என்பதை மறையாமலும், தன் குடியைக் கைவிடாமலும் நின்று மடிகின்றான். அரக்கர் எல்லாரும் தீயோர் என்பாரும் நல்லோர் என்பாரும் அவன்முன் தம் முடிபைத் திருத்திக்கொள்ள வேண்டியவராவர். குலத்தைக் கொண்டு அவனை அளக்கவும் இயலாது. குலத்தினின்று பிரித்து அளக்கவும் இயலாது.

சேலத்துச் சொற்போரில் எழுந்த வினாவை அவ்விடத்தோடு முடிந்ததாகக் கருதுதல் பொருந்தாது. கதை கேட்கும் ஒவ்வோர் அவையிலும் பழிக்கப்பட்ட பக்கத்தில் தன்னைக் காணும் ஒருவன் இருத்தல் கூடும். அவன் கூறும் கருத்தைச் சுவையறியாமை எனத் தள்ளாது, இலக்கிய வரலாற்றுச் சான்றாகக் கொண்டு ஆராய்தல் நம் கடமையாகும்.